நன்றாகச் சாப்பிட்டார்

மார்ச் 3, ஞாயிறு

பழைய டைரி தீர்ந்துபோனது. இது புதியது. புதியதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதத் தோன்றுகிறது, யாரோ முன்பின் தெரியாதவருக்குச் சொல்வதுபோல். முன்பின் தெரியாதவர்களிடம் பேசித்தானே எனக்குப் பிழைப்பு.

காலை பத்து மணிக்குக் கூப்பிடு மணி அடித்தான். சரியாகப் பத்து. இந்த ஒரு விஷயத்தில் அந்த மனிதனைக் குறை சொல்ல முடியாது.

வாத்தியார் வந்து சேர்ந்தார். கூடவே அவருடைய பை: தட்டு, கழுத்து வார், துண்டு, சீப்பு, ஒரு சின்ன நோட்டு. ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. ஆறு மாதமாக இப்படித்தான். பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டோம், புத்தகங்களைப் பிரித்துக்கொண்டோம். நாயைப் பிரிக்க முடியவில்லை.

ஆமாம், வாத்தியார் என்பது நாய். கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி. குட்டியாக வந்த அன்றே எங்கள் இரண்டு பேரையும், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் மாறி மாறிப் பார்த்தார். இப்போது பன்னிரண்டு வயது. இந்த வீட்டில் ‘அவர்’, ‘இவர்’ என்று மரியாதை வாங்கியது அவர் ஒருவர்தான். நானும் என் கணவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் ‘நீ’, ‘வா’, ‘போ’ என்றுதான்.

வாசலில் பேசியது மொத்தம் இரண்டே வார்த்தை.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

நான் கேட்டேன், அவன் சொன்னான், படியிறங்கிப் போய்விட்டான். கொண்டுவந்து விடுகிற ஞாயிறும் இதுதான், கூட்டிப்போகிற ஞாயிறும் இதுதான். ‘நேற்று மழையா’ என்றுகூடக் கேட்டுக்கொள்வதில்லை.

நோட்டைப் பார்த்தேன். ‘காலை நடை. உணவு நன்று. மாலை நடை. உணவு நன்று.’ ஏழு நாளும் அதே. ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் குட்டிக் கையெழுத்து. லிஃப்ட் மெக்கானிக் வேறு எப்படி எழுதுவான்? மோட்டார் அறையில் தொங்கும் பதிவேட்டில் இருபது வருடம் எழுதிய கை.

மார்ச் 4, திங்கள்

காலை வைத்த தட்டு அப்படியே இருக்கிறது. சாயங்காலம் வைத்ததும் அப்படியே. முகர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்ப் படுத்துவிட்டார்.

மார்ச் 6, புதன்

மேஜையில் ஏழே கடிதம். வார இதழில் எனக்கு ஒரு பக்கம், ‘அக்காவிடம் கேளுங்கள்’. பூனை, நாய், மாமியார், கணவன், ஒழுகும் குழாய், எல்லாருக்கும் அதே பக்கத்தில்தான் இடம்.

ஓர் அம்மாள் எழுதியிருக்கிறார். அவருடைய பூனை பக்கத்து வீட்டுக்கே குடிபோய்விட்டதாம். கூப்பிட்டால் அங்கே ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு யாரோ மாதிரிப் பார்க்கிறதாம். நான் எழுதிய பதில்: ‘சகோதரி, பூனை ஆளுக்காக வீடு மாறாது, சத்தம் பொறுக்காமல்தான் மாறும். உங்கள் வீட்டில் சமீபத்தில் என்ன சத்தம் கூடியிருக்கிறது என்று பாருங்கள்.’ பக்கம் வடிவமைக்கும் பெண் அதைப் படித்துவிட்டு, “எப்படிக்கா உங்களுக்கு மட்டும் இப்படியெல்லாம் தோணுது?” என்றாள். சிரித்து வைத்தேன். என் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவன் போனதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

எடிட்டர் எட்டிப் பார்த்தார். “கடிதம் கம்மியா இருக்கே. ரெண்டு நீங்களே எழுதிப் போட்டுடுங்களேன்.”

“வேணாம் சார். இருக்கறதை வெச்சே நிரப்பிடறேன்.”

“ஏன், முன்னெல்லாம் போடுவீங்களே? நாய்க்குப் பேப்பர் படிக்கிற புருஷன்னு ஒண்ணு எழுதினீங்க பாருங்க, எங்க வீட்டுல இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க.”

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் நின்றேன்.

மார்ச் 7, வியாழன்

எழுதித் தொலைக்கிறேன். நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

போன வருடம் அவன் கம்பெனியை இழுத்து மூடினார்கள். ஐந்து மாதம் வீட்டில் இருந்தான். தினமும் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாத்தியாருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவான். வானிலை, விபத்து, வேலைவாய்ப்பு, ஒன்று விடாமல். வாத்தியாரும் தலையைச் சாய்த்துக் கேட்பார். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நான் உள்ளே வந்தால் பேப்பரை மடித்துவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜூலையில் ஒரு வாரம் கடிதம் போதவில்லை. உட்கார்ந்து நானே எழுதினேன். ‘அன்புள்ள அக்கா, வேலை போன பிறகு என் கணவர் நாய்க்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறார். என்னிடம் பேசுவதில்லை.’ பதிலையும் எழுதினேன். ‘சகோதரி, நாய் திருப்பிக் கேள்வி கேட்காது, அதனால்தான் அதனிடம் பேசுகிறார். நீங்களும் ஒரு மாதம் எதுவும் கேட்காமல் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள்.’

அலுவலகமே சிரித்தது. எனக்கும் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அவனோடு வேலை பார்த்த ஒருவன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறான். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான். “இது நம்ம வீடா?”

“சேச்சே. யாரோ ஒரு அம்மா எழுதினது. ஊருல உன்னை மாதிரி ஆயிரம் பேர் இருக்காங்க.”

அவன் என் முகத்தையே பார்த்தான். இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு தடவையும் இல்லை என்றேன். மூன்றாவது தடவை அவன் கேட்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை கிடைத்தது, பம்ப் அறைக்குப் பக்கத்தில் தங்க ஓர் அறையோடு. போய்விட்டான்.

எழுதியாகிவிட்டது. ஒன்றும் லேசாகவில்லை.

மார்ச் 9, சனி

ஆறு நாளில் வாத்தியார் தின்றது இரண்டு முட்டை, கொஞ்சம் பால், என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிய ஒரு துண்டு ரொட்டி. கோழி வேகவைத்துப் பார்த்தேன். சோற்றைக் கஞ்சியாகக் கரைத்துப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, “சார், ப்ளீஸ் சார், ஒரு வாய்” என்று கெஞ்சியும் பார்த்தேன். மூக்கைத் திருப்பிக்கொள்கிறார்.

அங்கே நன்றாகத்தானே சாப்பிடுகிறார்? அவன் பொய் எழுத மாட்டான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பிடும்போது கொதித்தான்: கூட வேலை பார்க்கிற ஒருத்தன் லிஃப்டைத் திறந்தே பார்க்காமல் பதிவேட்டில் ‘நன்று’ போட்டிருக்கிறான். “எழுதினது பொய்யா இருந்தா ஆள் விழுவான்டி. எட்டாவது மாடியிலேர்ந்து விழுவான்” என்றான். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துபோனான்.

ஆக, அங்கே சாப்பிடுகிறார். இங்கே வந்தால் மட்டும் பட்டினி. யாரிடம் கோபம் என்று இதைவிடத் தெளிவாக எந்த நாயும் சொல்ல முடியாது.

நோட்டை எடுத்தேன். என்ன எழுதுவது? ‘என் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்கிறார்’ என்றா? ‘அப்ப என்கிட்டயே இருக்கட்டும்’ என்பான். ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்காது. எழுதினேன்: ‘இந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டார்.’

மார்ச் 10, ஞாயிறு

கூட்டிப் போனான். “சாப்பிட்டியா?” “ஆச்சு.”

மார்ச் 14, வியாழன்

வீட்டுக்குள் நான் நடக்கும் சத்தம் எனக்கே கேட்கிறது.

தங்கச்சி போன் பண்ணினாள். என் அறிவுரையைக் கேட்டு ஊரே நடக்கும்போது எனக்கு அறிவுரை சொல்லும் உரிமை அவளுக்கு மட்டும்தான். “அக்கா, நாயைச் சாக்கு வெச்சு எத்தனை நாள் ஓட்டுவீங்க? போய் ஒரு சாரி சொல்லேன். வாயில முத்தா கொட்டிடும்?”

“எதுக்குச் சாரி?”

“அது உனக்குத் தெரியும்.”

அவளிடமும் நான் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னதில்லை. எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறாளோ.

சாரி சொல்வது கஷ்டமில்லை. ‘பொய் சொன்னேன்’ என்று சொல்வதுதான் கஷ்டம். கண்ணைப் பார்த்து இரண்டு தடவை சொன்ன பொய் அது.

மார்ச் 17, ஞாயிறு

வந்துவிட்டார். கழுத்துப் பட்டை ஒரு துளை தள்ளி இறுக்கப்பட்டிருக்கிறது. நோட்டில் ஏழு நாளும் ‘உணவு நன்று’. வயதானால் உடம்பு வற்றும், அதுதான் போல.

மார்ச் 19, செவ்வாய்

இன்று வந்த கடிதங்களில் ஒன்று, ஒரு தையல்காரம்மா எழுதியது. ‘என் வயதான நாய் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என் மகள் வேறு வீட்டுக்குப் போன ஏக்கமாக இருக்குமா அக்கா?’

யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதியது. ‘சகோதரி, ஏக்கம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நம் மனக்கஷ்டத்தை நாயின் தலையில் ஏற்றிப் பார்ப்பது நம் வழக்கம். வயதான நாய் இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடவில்லை என்றால் அது உடம்பு. நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.’

அச்சுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். காலையில் வைத்த சோறு தட்டில் காய்ந்து கிடந்தது. குப்பையில் கொட்டினேன். தட்டைக் கழுவினேன்.

அந்தத் தையல்காரம்மாவின் நாய் வேறு, வாத்தியார் வேறு. வாத்தியார் அங்கே சாப்பிடுகிறாரே.

மார்ச் 23, சனி

‘நன்றாகச் சாப்பிட்டார்.’ இந்த முறை கை கூசவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

பத்து மணி. மணி அடித்தது, ஆனால் விரலால் அடித்த மாதிரி இல்லை. கதவைத் திறந்தால், வாத்தியாரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு முழங்கையால் அழுத்தியிருக்கிறான். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு.

“படி ஏற மாட்டேங்கறார். கால் வலி போல.”

ஆறு மாதத்தில் முதல் தடவையாக உள்ளே வந்தான். ஜன்னலோரத்தில் துண்டை விரித்து அவரைப் படுக்க வைத்தான். எங்கே விரிக்க வேண்டும் என்று யோசிக்கக்கூட இல்லை. எழுந்தபோது அவனுடைய பழைய நாற்காலி அங்கேயே இருப்பதைப் பார்த்தான்.

“சாப்பிட்டாரா?” என்று கேட்டேன்.

“ம்.”

என்னைப் பார்க்காமல் சொன்னான். அதை நான் கவனித்தேன். கவனித்து என்ன பிரயோஜனம்?

ஏப்ரல் 1, திங்கள்

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா வாத்தியாரை எடை மேடையில் நிற்க வைத்தார். நிற்க முடியாமல் பின்னங்கால் மடங்கியது. பழைய சீட்டைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார்.

“போன வருஷம் இருபத்திநாலு கிலோ. இப்ப பதினாறு. எத்தனை நாளா சாப்பிடலை?”

“டாக்டர், என் வீட்டுலதான் சாப்பிட மாட்டேங்கறார். என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கும்போது நல்லா சாப்பிடறார். இதோ, எழுதியிருக்கார் பாருங்க.” பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். நீட்டினேனே! சாட்சி கொண்டு போனவள் மாதிரி!

டாக்டரம்மா நாலு பக்கம் புரட்டினார். என் பக்கங்களும் அதில் இருந்தன. “நன்று, நன்று, நன்றாகச் சாப்பிட்டார்... நோட்டு நல்லாத்தாம்மா சாப்பிட்டிருக்கு” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். “அவரைக் கூப்பிடுங்க.”

அரை மணியில் வந்தான், சீருடையோடு, கையெல்லாம் கிரீஸ். டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். எத்தனை நாளா?

அவன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு வாத்தியாரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ரெண்டு மாசத்துக்கு மேல. என் ரூம்ல மட்டும்தான்னு நினைச்சேன்.”

சிறுநீரகம் போய்விட்டது. இரண்டுமே. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் மருந்தும் தனிச் சாப்பாடுமாக இன்னும் ஒரு வருடம்கூட ஓட்டியிருக்கலாமாம். இப்போது மூன்று நாள் டிரிப் ஏற்றிப் பார்க்கலாமாம். ‘பார்க்கலாம்’ என்று டாக்டர்கள் எந்தக் குரலில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் பை.

“ஏன்டா பொய் எழுதின? நீயா?”

“உன் வீட்டுல நல்லா சாப்பிடறார்னு படிச்சேன். என் ரூம் பம்ப் சத்தம்தான் அவருக்கு ஆகலைன்னு நினைச்சேன். எழுதினா நீ அனுப்ப மாட்டே.” கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், போகவே போகாத கறையை. “நீ ஏன் எழுதின?”

“அதேதான்.”



ஏப்ரல் 2, செவ்வாய்

நோட்டை முதலிலிருந்து படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 21. அவன் கையெழுத்து. ‘மாலை உணவு பாதி மிச்சம். கவனிக்கவும்.’

டிசம்பர் 26. என் கையெழுத்து. ‘இங்கே நன்றாகச் சாப்பிட்டார்.’ ‘இங்கே’ என்பதன் கீழ் ஒரு கோடு வேறு.

அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கேயும் இரண்டு வேளை மிச்சம் வைத்தார். ஆனால் அவன் வீட்டில் மிச்சம் வைத்தார் என்று படித்ததும் எனக்கு என்ன சந்தோஷம்! இருக்கட்டும், தெரிந்துகொள்ளட்டும் என்று பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினேன். அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் ‘மிச்சம்’ என்ற வார்த்தையே இல்லை. எல்லாம் நன்று.

அவன் உண்மையை எழுதினான். கவனிக்கச் சொன்னான். முதல் பொய் என்னுடையது. இதிலும் என்னுடையதுதான்.

ஏப்ரல் 3, புதன்

இரண்டு பேரும் லீவு. காலையில் டிரிப், பதினொரு மணிக்கு வீடு. அவன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுகிறான். சமையலறையில் நின்று கேட்டேன். “வடக்கே பலத்த மழை சார். நமக்கு ஒண்ணும் கிடையாது. ரயில் ரெண்டு மணி நேரம் லேட்டாம். உங்களுக்கு என்ன, நீங்க எங்க போகப் போறீங்க?”

முன்பு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இதற்கா? வேலையில்லாத மனிதன், தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். அவ்வளவுதானே. அதை நான் அச்சில் ஏற்றி ஊரைச் சிரிக்க வைத்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்று கரண்டியோடு வாசற்படி வரை வந்தேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். “பால் சூடு பண்ணவா அவருக்கு?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். கோழை.

ஏப்ரல் 4, வியாழன்

தண்ணீரும் குடிக்கவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

வாத்தியார் போய்விட்டார். காலை பதினொன்றே கால்.

வலியில்லாமல் அனுப்பிவைக்கும் ஊசிக்கான சம்மதப் படிவத்தில் ‘உரிமையாளர்’ என்று ஒரே ஒரு கோடுதான் இருந்தது. பேனாவை அவனிடம் நீட்டினேன், அவன் என்னிடம் தள்ளினான். கடைசியில் டாக்டரம்மாவே, “ரெண்டு பேரும் போடுங்க, இடம் இருக்கு” என்றார். போட்டோம். தலை என் மடியில் இருந்தது, முதுகில் அவன் கை. ஊசி போடும் முன்னால் வாத்தியார் எங்களை மாறி மாறிப் பார்த்தார், அந்தக் கண்ணாடி வளையத்துக்குள்ளிருந்து, முதல் நாள் பார்த்த அதே பார்வை. நாங்கள் அப்போதும் பாடம் படிக்காத பிள்ளைகள்தான்.

அவன் வேலை செய்யும் குடியிருப்பின் பின்பக்கம், பம்ப் அறைக்கு அப்பால் கொஞ்சம் மண் தரை இருக்கிறது. காவலாளி மண்வெட்டி கொடுத்தார், தானும் தோண்டினார். அந்தத் துண்டிலேயே சுற்றி வைத்தோம்.

கை கழுவ அவன் அறைக்குப் போனேன். முதல் தடவை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. சுவரோரம் நாய்த் தீனி, திறந்த பொட்டலங்கள் வரிசையாக. எட்டு எண்ணினேன். எட்டு விதம். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடிதான் குறைந்திருந்தது. பக்கத்தில் முட்டை ஓடு, பால் பவுடர், குழந்தைகளுக்கு ஊட்டுகிற சின்ன ஸ்பூன். அவனும் தரையில் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறான். நான் என் வீட்டில் ‘சார், ப்ளீஸ்’ சொன்ன மாதிரியே.

அப்போது சொன்னேன். ஈரக் கையோடு, துடைக்கக்கூட இல்லாமல். “அந்தக் கடிதம் யாரும் எழுதலை. நான்தான் எழுதினேன். கேள்வியும் நான்தான், பதிலும் நான்தான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் கேட்ட?”

“நாய்க்குப் பேப்பர் படிக்கிறவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான். எனக்குத் தெரியாதா?” கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். “நீ எழுதினது கூடப் பரவால்ல. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சண்டை போட்டு முடிச்சிருப்பேன்.”

அழுதேன். வாத்தியாருக்காகவா, இதற்காகவா, தெரியவில்லை. அவனும் அழுதான், சுவரைப் பார்த்துக்கொண்டு. பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். காலிப் பையை யார் வைத்துக்கொள்வது என்று பேசவில்லை. அது என் கையில் இருந்தது, நானே கொண்டுவந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. எதற்கு வருவான்?

ஏப்ரல் 9, செவ்வாய்

தையல்காரம்மா மறுபடி எழுதியிருக்கிறார்.

‘அன்புள்ள அக்கா, உங்கள் பதிலைப் படித்த மறுநாளே டாக்டரிடம் கொண்டு போனேன். சிறுநீரகத்தில் கோளாறு, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார். இப்போது மருந்து கொடுக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறது. நீங்கள் இருக்கிற வீட்டில் எந்த ஜீவனுக்கும் குறை இருக்காது அக்கா.’

எடிட்டர் அதைக் கட்டம் கட்டிப் பெரிதாகப் போடச் சொல்கிறார். “இதைவிட நல்ல சர்டிபிகேட் கிடைக்காதுங்க.” கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டேன். இடம் போதவில்லை என்று சொன்னேன். பிறகு, இனி ஒரு வார்த்தைகூடப் பொய் வேண்டாமே என்று தோன்ற, அவர் அறைக்குத் திரும்பிப் போனேன்.

“இடம் இருந்தது சார். என்னால அதை அச்சுல பார்க்க முடியாது.” என்ன ஏது என்று சொன்னேன். நாய், அவன், பேப்பர், கடிதம், எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க வீட்டுல சிரிச்சாங்கன்னு சொன்னேனே, மன்னிச்சுக்கோங்கம்மா” என்றார். அந்த ‘அம்மா’வில் நான் உடைந்துபோனேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பத்து மணி. இல்லை.

கழுவின தட்டையே இன்னொரு தடவை கழுவினேன்.

ஏப்ரல் 18, வியாழன்

சோறு இறங்கவில்லை. தங்கச்சி போனில் கேட்டாள், “சாப்பிட்டியாக்கா?” என்று. “ஆச்சு” என்றேன். எல்லாரும் கேட்பது, எல்லாரும் சொல்வது. எத்தனை சுலபமாக வருகிறது வாயில்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பத்து மணிக்கு மணி அடித்தது.

கையில் ஒன்றும் இல்லாமல் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி பேண்ட் பாக்கெட்டில் விட்டான், எடுத்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. “சும்மாதான். ஞாயித்துக்கெழமை... கால் தானா இந்தப் பக்கம் வந்துடுச்சு.”

எனக்கு வேறு என்ன வரும்? ஆறு மாதப் பழக்கம், அதுதான் வந்தது.

“சாப்பிட்டியா?”

‘ஆச்சு’ என்று சொல்ல வாயெடுத்தான். உதடு அதற்குத் தயாராகிவிட்டது, பார்த்தேன். பிறகு நிறுத்திவிட்டு, என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

“இல்ல.”

“எத்தனை நாளா?”

“சரியா சாப்பிட்டு ரெண்டு வாரம் இருக்கும்.”

“நானும்தான்” என்றேன்.

கதவை விட்டு நகர்ந்தேன். உள்ளே வந்தான். ஜன்னலோரத்தில் வெறும் தரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான், பிறகு அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். நான் உலை வைத்தேன். அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பேப்பர் பிரிக்கிற சத்தம் கேட்டது. சத்தம் மட்டும்தான், குரல் இல்லை. மனசுக்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தான்.

“வாய் விட்டுப் படியேன்” என்றேன் சமையலறையிலிருந்து.

 தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான், வானிலையிலிருந்து. நடுவில் இரண்டு தடவை நிறுத்தினான், மறுபடி படித்தான். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாத்தியார் படுக்கிற இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். சோறு வேகும் வரை ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.